கொப்பித்தாளில் வந்த பதில்கள்

எங்களை விட்டுப் போன சின்னவளுக்கு 31ஆம் நாளும் முடிந்துவிட்டது. அன்று விடிய ஓடி வந்த அயலவர், ஓட்டோக்காரத் தம்பி, பந்தல் போட்ட பெடியள், எங்கள் வீட்டில் உலை வைக்காத நாட்களில் சோறும் தேத்தண்ணியும் கொண்டு வந்தவர்கள், கனடாவில் இருந்து எடுத்து என்னோடு சேர்ந்து அழுதவர்கள், எல்லாருக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் குறை நினைக்காதீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூட எழுத வேண்டும். பிள்ளைக்கு நிறை பார்க்க வருகிற எங்கள் பகுதிக் குடும்பநல மாது. பிரேத பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது, காரணம் கண்டறியப்படவில்லை என்று. காரணம் இல்லை என்றால் ஊர் தேடும்தானே, குப்புறப் படுக்க விட்டதோ, இரவு என்ன கொடுத்தது, நாவூறோ என்று, நானும் அதையேதான் இராப்பகலாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மிஸ் வந்து நிலத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து, "கேட்க வேண்டியதெல்லாம் சொல்லுங்கோ, நான் எழுதிக்கொண்டு போறன்" என்றார். பதினொரு கேள்வி. அடுத்த கிழமை சட்ட வைத்திய அதிகாரியிடம் தானே கேட்டு, கொப்பித்தாளில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார்.

ஒரு வயது தாண்டிய பிள்ளை திடீரென்று போய், உடலையும் இரத்தத்தையும் பழைய வருத்தங்களையும் நடந்த இடத்தையும் முழுக்கப் பார்த்த பிறகும் ஒன்றும் அகப்படாவிட்டால்தான் காரணம் கண்டறியப்படவில்லை என்று எழுதுவார்களாம். 1 முதல் 4 வயதுக்குள்தான் இது கூடுதலாக நடக்குமாம், அதுவும் பெரும்பாலும் நித்திரையில், ஒருவரும் காணாமல். அவளுக்கு முன்பு வந்த காய்ச்சல் வலிப்பைப் பற்றியும் கேட்டிருந்தேன். இப்படிப் போன பிள்ளைகள் சிலருக்கு அது வந்திருக்கிறது, ஏன் என்று இன்னும் ஆராய்கிறார்கள், ஆனால் காய்ச்சல் வலிப்பு வருகிற பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாருமே சுகமாக வளர்ந்துவிடுகிறார்கள், அதனால் நீங்கள் முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்காகத்தான் இந்த மடலே.

"அம்மா என்று கூப்பிட்டிருப்பாளா" என்ற கடைசிக் கேள்விக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. நான் தாளில் இருந்து நிமிர, மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிலவேளை இதயத் துடிப்பில் பரம்பரைக் கோளாறு ஒளிந்திருக்கலாமாம், அதனால் மூத்தவனுக்கு ஈசிஜி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் மிஸ் கூட வருகிறார்.

தாள் சின்னவளின் கிளினிக் கார்ட்டுக்குள் இருக்கிறது. இப்படி ஒரு வீட்டுக்கு இனி நான் போனால், என்ன செய்தனீங்கள் என்று கேட்கவே மாட்டேன். யாருக்கும் தேவையென்றால் வாங்கோ, இருந்து வாசித்துக் காட்டுகிறேன்.