ஸ்கிம்மியா வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் நர்சரியில் வாங்கிய ஸ்கிம்மியா என்ற அழகுச்செடி மூன்று வருடமாகியும் காய்க்கவில்லை, மலட்டுச் செடியை விற்று ஏமாற்றிவிட்டார்கள் என்றொரு பேச்சு சில வாரங்களாகச் சுற்றி வருகிறது. 'மலடு' என்ற அந்தச் சொல்தான் எங்களை உறுத்துகிறது.

ஸ்கிம்மியா ஜப்பானிகா என்ற சிற்றினத்தில், பனையைப் போல, ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. சிவப்புப் பழம் பெண்ணில்தான் வரும். அதுவும் பக்கத்தில் ஆண் பூத்து, பூச்சிகள் வந்துபோனால்தான். உங்களில் பலர் ஆசையாக எடுத்துப்போன 'ருபெல்லா' என்ற ரகம் ஆண் செடி. குளிர்காலம் முழுக்கச் செம்மொட்டுகளோடு நிற்கும், வசந்தத்தில் பூத்து மணக்கும். ஒருநாளும் காய்க்காது. ஆண் பூவுக்குத்தான் மணமும் கூடுதல். காய்க்கவில்லையென்று அதைப் பிடுங்கி எறிந்ததாக ஒருவர் சொன்னார். அன்று முழுக்க எங்களுக்கு வேலை ஓடவில்லை. தயவுசெய்து பிடுங்காதீர்கள், அருகில் ஒரு பெண் செடியை நடுங்கள். பூவின் நடுவே பச்சைக் குமிழ்போல் சூலகம் திரண்டிருந்தால் பெண்; மகரந்தம் அப்பிய கேசரங்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண்.

ஒற்றைச் செடியே காய்க்க வேண்டுமென்றால் ரீவ்சியானா என்ற ஸ்கிம்மியா வகையை வாங்குங்கள். அதன் ஒரே பூவில் ஆண், பெண் இரண்டும் உண்டு. "ரீவ்சியானா கேட்டால் ஜப்பானிகா என்று சீட்டு ஒட்டித் தருகிறீர்களே?" என்பவர்களுக்கு: 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவர சேகரிப்பாளர் சீனாவிலிருந்து கொண்டுவந்தபோதும் அதை ஜப்பானிகா என்றே எண்ணினார்கள். பிறகு தனிச் சிற்றினமாக்கினார்கள். இப்போது அது ஜப்பானிகாவின் துணைச் சிற்றினம். பெயர்தான் மாறியது, செடி அதேதான். 1783-இல் துன்பர்க் என்ற தாவரவியலாளர் பெயரிட்ட இந்த ஸ்கிம்மியா பேரினத்தில், இமயமலை முதல் ஜப்பான் வரை தேடினாலும், விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சிற்றினங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான லாரியோலாவின் பழம் கறுப்பாகத்தான் இருக்கும். அது அழுகல் இல்லை.

இத்தனை பேச்சுக்கிடையிலும் எங்களைத் தேடி வந்தவர்களை மறக்கமாட்டோம். இலையைக் கசக்கி முகர்ந்து, "இது எலுமிச்சைக் குடும்பம்தானே!" என்று வியந்தவர்களுக்கும், தங்கள் ஆண் செடியிலிருந்து ஒரு பூங்கொத்தை முன்பின் தெரியாதவருக்கு ஒடித்துக் கொடுத்தவருக்கும் மனமார்ந்த நன்றி.

சென்ற பருவத்தில் ஒரு வரிசைத் தொட்டிகளில் மட்டும் ஆண், பெண் சீட்டுகள் இடம் மாறிவிட்டன. பூக்காத செடியின் இலையை வைத்து அதைக் கண்டுபிடிக்க எங்களாலும் முடியாது. பூத்ததும் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
நர்சரி உரிமையாளர்