ரத்தம் சொல்லுமா மனக்காயத்தை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்களின் மன அழுத்த நோய்களை ரத்தப் பரிசோதனையில் கண்டறிவது பற்றி உங்கள் இதழில் படித்தேன். என் அக்கா ஒரு விபத்துக்குப் பிறகு மூன்று வருடம் தூக்கமில்லாமல் தவித்தாள். குக்கர் விசில் அடித்தாலே உடம்பு தூக்கிவாரிப் போடும். போன இடத்தில் எல்லாம் ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், சும்மா டென்ஷன்தான்" என்று அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் எதுவும் இல்லையே என்று வீட்டிலும் நம்பவில்லை.

அதனால்தான் 2011இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ரி ரெஸ்லர் குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கொடுமையான அனுபவங்களைக் கடந்தவர்களில், 'பேகேப்' என்ற சிறு புரதம் ரத்தத்தில் கூடுதலாக இருந்த பெண்களுக்கு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை.

ஆனால் இது நோயை உறுதிசெய்யும் பரிசோதனையாக இன்னும் ஆகவில்லை. மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனும் அப்படித்தான். காலையில் ஏறும், ராத்திரி இறங்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலே ரத்தத்தில் அளவு கூடிக் காட்டும். அதை மட்டும் வைத்து 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' என்று பேக்கேஜ் போட்டு விற்பது சரியில்லை.

அக்காவின் நோய் பிடிபட்டது, ஒரு மனநல மருத்துவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டபோதுதான். அந்த முக்கால் மணி நேரம் அரசு மருத்துவமனைகளிலும் கிடைப்பதற்கு என்ன வழி என்று உங்கள் இதழ் எழுத வேண்டும்.

ஒரு வாசகி,
மதுரை