மத்தியானத் தூக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன்னைப் பெற்ற அப்பச்சிக்கு முழங்கால் வலி பழையபடி இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துதான் போவேன் என்ற பிடிவாதமும் பழையபடி. வளவில் மேற்குத் தாழ்வாரத்துக்கு ஓடு மாற்றியாயிற்று.

ஆபீசில் சாப்பிட்டதும் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறாய், கால்மணி நேரத்துக்குள் நீளமாகக் கனவு வருகிறது என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். நம் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் கதவு கதவாகத் திறந்துகொண்டே போகிறாயாம், கடைசிக் கதவுக்குச் சாவி கிடைக்கவில்லையாம். "பயலுக்கு வீட்டு நினைப்பு" என்றார் அப்பச்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பகலில் தூங்குவதைக் குறை சொல்கிறேன் என்று எண்ணாதே. சித்திரை வெயிலில் ஆத்தங்குடிக் கல்லில் தலையணைகூட இல்லாமல் படுத்துப் பழகியவர்கள் நாம். உன் பாட்டனார் ஐயா இப்போது நீ இருக்கும் அதே சிங்கப்பூரில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நம்மவர்கள் கடையும் தங்கலுமாக வைத்திருந்த கிட்டங்கியில் இருந்தபோது, கணக்கெழுதியதும் கைப்பெட்டிக்கு முன்னால்தான், பாய் விரித்ததும் அங்கேதான். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் உடம்பே தளரும், சோற்றை மட்டும் பழிக்கக் கூடாது என்கிறார் டாக்டர். அமெரிக்காவில் நாசா விமானிகளை வைத்துச் சோதித்ததில், சராசரியாக 26 நிமிடம் தூங்கியதற்கே விழிப்பு கூடியிருக்கிறதாம். இதைக் கேட்டதிலிருந்து அப்பச்சி நாசாவின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் தூங்குகிறார்.

கனவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிரஷர் பார்க்கப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். இமைக்குள் விழி உருளும் கட்டத்தில்தான் கதைபோலக் கனவுகள் அதிகம் வருமாம். படுத்து ஏறக்குறைய 90 நிமிடம் கழித்துத்தான் அந்தக் கட்டமே வருமாம். கண் அயரும்போது துண்டு துண்டாகக் காட்சி தெரிவது எல்லோருக்கும் உண்டு. கால்மணி நேரத்தில் முழுக்கனவு அடிக்கடி வந்தால், இரவுத் தூக்கம் போதவில்லை என்று பொருளாக இருக்கலாம். தினமும் அப்படி என்றால் காட்டிவிடுவது நல்லது என்றார். யாருக்கு என்று கேட்டார். தெரிந்த பிள்ளை ஒருவனுக்கு என்றேன்.

இரவில் ஏன் தூங்கவில்லை என்று நான் கேட்கவில்லை. வேலை என்பாய். இங்கே பன்னிரண்டு மணிக்கு உன் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரிகிறது என்று தங்கை சொல்கிறாள். அப்போது அங்கே இரண்டரை. மத்தியானம் படுத்தால் இருபது நிமிடத்துக்கு அலாரம் வை. மூன்று மணிக்கு மேல் படுக்காதே, இரவுத் தூக்கம் கெடும். சாயங்காலத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் மருமகள்தான் பேசுவாள். தீபாவளிக்குப் பிறகு நீ பேசுகிறாய். குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள், தலைவலி. அதையும் நான் கேட்கவில்லை. உங்களை வேறு வைத்துத் தனிக்குடித்தனம் ஆக்கிய அன்று பாத்திரத்தை எண்ணி அடுக்கியவள் அவள். நீ தூணில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாய். பங்காளிகளில் உன்னைப்போல் படித்து மேலே வந்தவன் இல்லை, அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மனத்தாங்கல் வந்தால் நாள்கணக்கில் வாயைத் திறக்கமாட்டாய். அப்பச்சி வழியில் வந்த குணம். அதனுடன் குடித்தனம் நடத்தியவள் நான், எனக்குத் தெரியும். எதுவானாலும் அவளிடம் பேசிவிட்டுப் படு. மூன்று மணிக்கு மேல் மட்டும் படுக்காதே.

அங்கே டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு இரண்டு பேருமாகப் போய்வாருங்கள். பெரியவீட்டுப் பிள்ளை வருகிற வாரம் திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறான். தேன்குழலும் சீப்புச்சீடையும் கொடுத்தனுப்புகிறேன். மனகோலம் தனி டப்பாவில் இருக்கும், அது அவளுக்கு. கிடைத்ததா என்று உன்னிடம் கேட்கமாட்டேன். அவளுடைய போனுக்கே கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
ஆத்தா