சாயவேருக்கு ஒரு மணற்பாத்தி

தேசியத் தாவரவியற் பூங்காக்கள் திணைக்களப் பணிப்பாளர் நாயகம் அவர்கட்கு,

வணக்கம். மன்னார்த் தீவிற் பிறந்து, முப்பது ஆண்டுகளாகக் கொழும்பு வெள்ளவத்தையில் வசித்துவரும் நான், தங்கள் பராமரிப்பிலுள்ள அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலப் பூங்காவில் சாயவேருக்கென ஒரு மணற்பாத்தி ஒதுக்குமாறு கேட்டு இம்மடலை எழுதுகின்றேன்.

சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்று சொல்லும் பூண்டுதான் சாயவேர். மெலிந்த தண்டும் ஒடுங்கிய இலையும் சிறு வெள்ளைப் பூவுமாக, மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணலில் அது நிற்கும். பார்வைக்கு ஒன்றுமில்லை, சிறுவயதில் அதை மிதித்துக்கொண்டு கடலுக்கு ஓடியவர்களுள் நானும் ஒருவன். அதன் அருமை மண்ணுக்குக் கீழே இருக்கின்றது. மணலுக்குள் நீண்டிறங்கும் வேரின் பட்டையில் அலிசரின் என்னும் சாயப்பொருள் உண்டு. படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியை அவ்வேரோடு காய்ச்சினால், எளிதில் மங்காத சிவப்பு ஏறும். இதற்காகவே ஒல்லாந்தர் இவ்வேரைத் தம் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருமானங்களுள் ஒன்றாக்கினர். யாழ்ப்பாணத்தை நிருவகித்த ஒல்லாந்த அதிகாரியான கொமாந்தர் சுவார்தெக்ரோன் 1697இல் எழுதிவைத்த குறிப்புகளிலும் அது இடம்பெறுகின்றது. 1868இல் ஜேர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கிய பின், வேர்ச்சாயங்களின் சந்தை சரிந்தது.

அதே கம்பெனி 1769இல் மருதானையில் தொடங்கிய கறுவாச் செய்கையின் நினைவு, கறுவாத்தோட்டம் என்ற பெயராகக் கொழும்பு 7இல் இன்றும் நிலைத்திருக்கின்றது. சாயவேரின் பெயரில் இந்நகரில் ஒரு சந்துகூட இருப்பதாக நான் அறியேன். தெருப்பெயர் கேட்டு நான் வரவில்லை. இச்செடியைக் கொழும்புக்குக் கொண்டுவரவும் வேண்டாம். இங்குள்ள மழையும் ஈரமண்ணும் அதற்கு ஆகா. பேராதனையும் அவ்வாறே. அம்பாந்தோட்டையின் வறண்ட நிலமே பொருந்தும் என்பதால்தான் மிரிஜ்ஜவிலவைக் கேட்கின்றேன்.

பாத்திக்கு எருவோ செம்மண்ணோ இடாதிருப்பது நல்லது. விதைத்து வளர்த்த வேரைவிடத் தானாக முளைத்த வேரிலேயே சாயம் மிகுதி என்று பழைய சாயத்தொழிலாளர் மதித்தனர். வெறும் மணலில் விட்டால் அது தன் இயல்பில் வளரும். மன்னார் விதையையும் யாழ்ப்பாண விதையையும் கலவாமல், எடுத்த இடத்தைக் குறித்து, தனித்தனியே விதைக்க வேண்டும். மன்னாரில் கனிய மணல் அகழ்வது பற்றிப் பேசப்படும் இந்நாளில், விதை சேகரிப்பைப் பின்போடலாகாது. பெயர்ப்பலகையில் விஞ்ஞானப் பெயருடன் ‘சாயவேர்’ என்ற சொல்லும் பிழையின்றி இருக்கட்டும்.

விதை எடுக்கத் தங்கள் அலுவலர் மன்னாருக்குச் செல்வாராயின், செடி நிற்கும் இடங்களைக் காட்ட என் செலவில் உடன்வர ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைவாசி ஒருவன்
கொழும்பு 6