பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

தமிழ்நாட்டின் அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளர்களுக்கும் உதவி ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். அடிபட்டுப் புகார் கொடுக்க வரும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையும் உள்ளே வருகிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

"அப்பா அம்மாவ அடிச்சாரா? நீ யார்கூட இருக்கப் போற?" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். எதைச் சொன்னாலும் ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். ஐந்தாறு வயதில் சண்டைக்குத் தானே காரணம் என்று நம்புவது சகஜம். "நான் சோறு சிந்தினேன், அதான் அப்பாவுக்குக் கோபம்" என்பார்கள். கண்ணுக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்து சொல்லுங்கள்: "இது உன்னால வந்ததில்ல கண்ணு. சண்டைய நிறுத்துறது உன் வேலை இல்ல." "இனிமே அப்பா அடிக்கவே மாட்டார்" என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அன்றிரவே அது பொய்த்துப்போனால், பெரியவர்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது.

விசாரணை காதில் விழாத இடத்தில் ஒரு பெண் காவலர் உடனிருக்கட்டும். வெள்ளைத்தாள், கிரேயான், தண்ணீர், பிஸ்கட் போதும். வரைந்ததைப் பார்த்து "இது யாரு, ஏன் சிவப்பு?" என்று துருவ வேண்டாம். அது சாட்சியம் அல்ல.

பொருள்களை எடுத்துவர வீட்டுக்குத் துணை போகிறீர்கள். ரேஷன் கார்டும் நகையும் நினைவுக்கு வரும். பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் பழைய போர்வை விட்டுப்போகும். புத்தகப்பை, சீருடை, அந்தப் போர்வை மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவிடமும் சொல்லி அனுப்புங்கள். முதல் சில வாரங்கள் படுக்கையை நனைக்கலாம், வயிற்றுவலி என்று பள்ளிக்கு மறுக்கலாம், தம்பி தங்கையை அடிக்கலாம். அதட்டக் கூடாது. முடிந்தவரை அதே பள்ளி, தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, தூக்கம். ஒரு மாதமாகியும் தணியாவிட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் காட்ட வேண்டும், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம். "செத்துப்போயிடலாம்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே அழைத்துப்போக வேண்டும்.

இத்தனையும் அடி நின்றால்தான் பலிக்கும். "பிள்ளைங்களுக்காக அனுசரிச்சுப் போம்மா" என்று எழுதி வாங்கி அனுப்பும்போது, அந்தப் பிள்ளையைத்தான் மறுபடி அதே அறைக்கு அனுப்புகிறோம். அடுத்த அறையில் இருந்தாலும் அதற்கு எல்லாம் கேட்கிறது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, இந்தச் சட்டப்படி உதவ அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரைப் பற்றியும் இலவச சட்ட உதவியைப் பற்றியும் அந்தப் பெண்ணுக்குச் சொல்வது உங்கள் கடமை. அவர் மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் மனுவின் முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும். 21-ஆம் பிரிவில் பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பை அம்மாவிடம் ஒப்படைக்கலாம். அப்பா வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்று மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுக்கலாம். இந்தப் பிரிவு தெரியாததாலேயே, பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்து புகாரைத் திரும்பப் பெறும் அம்மாக்கள் உண்டு.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுக்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: "இன்னைக்கு ராத்திரி பிள்ளை எங்க தூங்கும்?" பதில் இல்லையென்றால், அவர்கள் படியிறங்குவதற்குள் பெண்கள் உதவி எண் 181-க்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் நீங்களே போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகளோடு பணியாற்றும் மனநல ஆலோசகர்கள்