20 நிமிடங்களை முதலிலிருந்து எண்ணியவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

தோட்டத்துக் காய்கறிகளை அடைத்த ஜாடிகள் எல்லாம் அலமாரி ஏறிவிட்டன. என் ஒரு கை இன்னும் சரியாகவில்லை. ஒரு கையால் தட்டச்சு செய்வதால் இந்த மடலை எழுத நேரம் பிடிக்கிறது. ஆனால் நன்றி சொல்லாமல் இன்னும் ஒரு நாளைக் கடத்த மனம் வரவில்லை. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்கக் கூடவே இருந்தவர்கள் நீங்கள்தான். அதனால் அந்தக் கதைக்குள் மறுபடி போகவில்லை.

இலையுதிர் காலத்துத் தோட்டம் யாருக்காகவும் காத்திருக்காது. விதைப்பதை ஒரு வாரம் தள்ளிப் போடலாம், களை எடுப்பதைத் தள்ளிப் போடலாம். அன்று இரவு உறைபனி விழும் என்று வானிலை அறிக்கை சொன்ன பிறகு எதையும் தள்ளிப் போட முடியாது. படுக்கையில் இருந்தபடி எனக்கு முதலில் தக்காளியைத்தான் நினைக்கத் தோன்றியது. உறைபனியில் செத்த செடியில் தொங்கும் தக்காளியை ஜாடியில் அடைக்கக் கூடாது. அதில் புளிப்பு குறைந்துவிடும். ஜாடியை மூடிக் கொதிநீரில் வைத்து எடுக்கும் முறையில் நம்மைக் கிருமியிடமிருந்து காப்பாற்றுவதே அந்தப் புளிப்புதான். ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது ஓர் இரவில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் தோட்டத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. யார் யார் வந்திருந்தீர்கள் என்றுகூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. குரல்கள் மட்டும் கேட்டன.

உங்களில் பலருக்கும் சேர்த்தே இங்கே நன்றி சொல்லிவிடுகிறேன். பழுத்தது, பாதி பழுத்தது, காய் என்று அந்த இருட்டிலேயே பிரித்துக் கூடையில் போட்டவர்களுக்கு. காய்களைத் தாளில் பரப்பி, அவை வீட்டுக்குள்ளேயே மெதுவாகப் பழுக்க வழி செய்தவர்களுக்கு. பீன்ஸைக் காம்பு கிள்ளி நறுக்கியே விரல் மரத்துப்போன அண்ணிக்கும் அவர் பெண்ணுக்கும். தங்கள் வீட்டு ஜாடிகளைக் கழுவி, வாயில் கீறலோ உடைப்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக் கொண்டுவந்தவர்களுக்கு. ஆப்பிளைத் தோல் சீவியவர்களுக்கு. பாத்திரம் துலக்கியவர்களுக்கு. நான் கேட்காமலே என் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுத் தூங்கவைத்தவர்களுக்கு.

தக்காளிக்குப் பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற தங்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழத்தைப் பிழிந்தால் ஒன்று புளிக்கும், ஒன்று புளிக்காது. பாட்டில் சாற்றின் புளிப்பு ஒரே அளவில் இருக்கும். லிட்டர் ஜாடிக்கு 2 மேசைக்கரண்டி, அரை லிட்டருக்கு 1. மற்றவர்கள் அவசரப்படுத்தியும் அவள் கண்ணளவில் ஊற்றவில்லை, ஒவ்வொரு ஜாடிக்கும் கரண்டியால் அளந்தே ஊற்றினாள். மறுநாள் காலையில் வந்து ஒவ்வொரு மூடியின் நடுவிலும் விரலை வைத்து அழுத்திப் பார்த்த தம்பிக்கும் நன்றி. சரியாகப் பிடிக்காமல் டிக் என்று மேலெழும்பிய ஒரே ஒரு மூடியைக் கண்டுபிடித்து, அந்த ஜாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, "இதை முதலில் சாப்பிடவும்" என்று ஒட்டிவிட்டுப் போனான்.

இவ்வளவும் நடந்த வீட்டில், என் நினைவு திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஒரு முக்காலியில்.

பின்வீட்டுப் பெரியவரும் நானும் இத்தனை வருடத்தில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தலையசைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அவரை யாரும் கூப்பிடவில்லை. சமையலறையில் அந்த நேரத்தில் விளக்கு எரிவதைப் பார்த்துத் தானே வந்தார். முட்டி வலியால் அவரால் அதிக நேரம் நிற்க முடியாது. "உட்கார்ந்து செய்யற வேலை ஏதாச்சும் இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்டார். பிரஷர் கேனருக்கு (ஜாடிகளை உள்ளே வைத்து நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரம்) எதிரே ஒரு முக்காலியைப் போட்டு, அழுத்தத்தைக் காட்டும் அதன் முள்ளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். உண்மையைச் சொன்னால், அவருக்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்றுதான் அங்கே உட்காரவைத்தோம்.

பீன்ஸில் புளிப்பு கிடையாது. தக்காளியைப் போலக் கொதிநீரில் வைத்து எடுத்தால் போதாது. பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் விஷத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணிலேயே இருப்பவை. 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீருக்கு அவை சாவதில்லை. காற்றுப் புகாமல் மூடிய, புளிப்பில்லாத ஜாடிதான் அவை முளைக்க ஏற்ற இடம். அந்த விஷம் கலந்த உணவு பார்ப்பதற்கும் முகர்வதற்கும் நன்றாகவே இருக்கலாம். வித்துகளை அழிக்க 116 டிகிரியாவது வேண்டும், அந்தச் சூடு பிரஷரில்தான் கிடைக்கும். அதனால்தான் முதலில் 10 நிமிடம் நீராவியை வெளியே விட்டுக் காற்றை விரட்டி, அப்புறம் மூடி, எங்கள் ஊர் இருக்கும் உயரத்துக்கு முள் 11 பவுண்டைத் தொட்ட பிறகு எண்ணத் தொடங்குகிறோம். அரை லிட்டர் பீன்ஸ் ஜாடிக்கு 20 நிமிடம். இடையில் முள் 11-க்குக் கீழே இறங்கினால், அதுவரை எண்ணியது கணக்கில் வராது.

அடுப்பில் கடைசி ஈடு ஜாடிகள். எல்லோரும் களைத்துப் போயிருந்தோம். பாதிப் பேர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் கிளம்பச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் கதவோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். 20 நிமிடம் முடிய இன்னும் மூன்று நிமிடம் இருக்கும்போது தீ கொஞ்சம் தணிந்திருக்க வேண்டும். முள் ஒரே ஒரு கோடு இறங்கியது. அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். குனிந்து தீயைக் கூட்டினார். முள் மறுபடி 11-க்கு வரும்வரை காத்திருந்தார். மடியில் வைத்திருந்த தாளில் பழைய நேரத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, கீழே புது நேரத்தை எழுதினார். "முதல்லேர்ந்து எண்ணணும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தன்னால் எல்லோருக்கும் தாமதமாகிறதே என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது, அது குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் கண் முள்ளை விட்டு நகரவில்லை.

நேரம் முடிந்து அடுப்பை அணைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பிரஷரைத் திறந்துவிட்டுச் சீக்கிரம் முடித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "அதுவாவே இறங்கட்டும்" என்றார். அவசரப்பட்டுத் திறந்தால் ஜாடிக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறிவிடும், மூடியும் சரியாகப் பிடிக்காது. முள் பூஜ்யத்துக்கு வரும்வரை இருந்து, ஜாடிகளைத் துணி விரித்த மேசையில் இடைவெளி விட்டு வைப்பதையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அந்த மூன்று நிமிடத்தை அவர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஜாடியும் பார்க்க அப்படியேதான் இருந்திருக்கும். உணவைக் கண்ணாடியில் அடைத்துச் சூடாக்கினால் கெடாது என்று பிரான்சில் நிக்கோலா அப்பேர் 1810-இல் எழுதி வெளியிட்டபோது, ஏன் கெடாது என்பது அவருக்கே தெரியாது. உணவைக் கெடுப்பது கிருமிகள்தான் என்று விஞ்ஞானி பாஸ்டர் விளக்க அரை நூற்றாண்டு ஆனது. இன்று நமக்குக் காரணமும் தெரியும், நிமிடக் கணக்கும் தெரியும். ஆனால் நள்ளிரவில், ஊரார் வீட்டு அடுப்படியில், தான் சாப்பிடப் போகாத பீன்ஸுக்காக அந்தக் கணக்கை அப்படியே கடைப்பிடிக்க ஒரு மனசு வேண்டும். என் பிள்ளைகள் குளிர்காலத்தில் திறக்கப்போகும் ஜாடி அது. அவர்கள் பேர்கூட அவருக்கு அன்று தெரியாது. நேரில் போய் நன்றி சொன்னபோது, "சும்மா உட்கார்ந்துதானே இருந்தேன்" என்றார். ஐயா, நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. என் வீட்டில் அன்று நடந்த வேலையிலேயே பெரியது அதுதான் என்று எல்லோர் முன்னாலும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

அடுத்த இலையுதிர் காலத்துக்குள் என் கை சரியாகிவிடும். உங்களில் யார் வீட்டு அடுப்பில் கேனர் ஏறினாலும் சொல்லி அனுப்புங்கள், எந்த நேரமானாலும் வருகிறேன். முள்ளைப் பார்க்கும் வேலையை எனக்குக் கொடுங்கள். என் கேனரும் இனி எனக்கு மட்டும் உரியது இல்லை. வேண்டும்போது எடுத்துப் போங்கள். முள் சரியாகக் காட்டுகிறதா என்று வருடா வருடம் சோதித்து வைத்திருப்பது என் பொறுப்பு.

கடைசியாக, திருப்பித் தர வேண்டியவை. திருகு வளையங்களைக் கழற்றி, கழுவிக் காயவைத்து, ஒரு பெட்டியில் போட்டிருக்கிறேன். இரண்டு பெரிய சட்டிகளும் ஒரு மர அகப்பையும் யாருடையவை என்று தெரியவில்லை, வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வந்த ஒவ்வொருவருக்கும் தக்காளி ஒன்று, பீன்ஸ் ஒன்று, ஆப்பிள் ஒன்று என்று பெயர் எழுதி எடுத்துவைத்திருக்கிறேன். தேதி மூடியின் மேலேயே இருக்கிறது. வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைத்து ஒரு வருடத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தோட்டக்காரி