பெயரில்லாத தவளையின் பெயரைக் கேட்பவர்களுக்கு

ஈரூடகவாழி ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் பெருமதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வடக்கின் வன்னிக் காட்டில் இன்னும் பெயரிடப்படாத தவளையொன்றைப் பதிந்து மாதிரி எடுக்க ஆனியில் கொடுத்த விண்ணப்பத்துக்குத் தையில் அனுமதி வந்து சேர்ந்தது. நன்றி. தவளைதான் போய்விட்டது.

பின்னணியை விளக்கத் தேவையில்லை. விண்ணப்பக் கோவை உங்கள் மேசையில்தான் இருக்கிறது. வன்னிக் காட்டின் சருகுத் தவளைகளுக்கு நாட்காட்டி மழைதான். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்து நிலம் ஊறியதும் சில இரவுகள் ஆண் தவளைகள் கத்தும். பிறகு அடங்கிவிடும். தையில் சருகைக் கிளறினால் மட்டத்தேளும் கறையானும் கிடைக்கும்.

கத்தலுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கிறீர்கள். 20 மி.மீ. நீளமான இரண்டு கபிலத் தவளைகளைத் தட்டில் அருகருகே வைத்தால் அனுபவசாலிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். கத்தலின் நீளம், அதற்குள் இருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை, அதிர்வெண் ஆகியவை பிரித்துக் காட்டிவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பாம்புக்காகச் சொன்னது மட்டுமல்ல. எங்களுக்கும் அந்த வாய்தான் முகவரி.

ஆனால் பதிவு என்பது கைத்தொலைபேசியை நீட்டுவதல்ல. ஒரு மீற்றர் அளவு தூரத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, சுருக்கப்படாத கோப்பாகப் பதிந்து, அந்த இடத்து வெப்பநிலையையும் உடனே குறிக்கவேண்டும். வெப்பம் கூடினால் துடிப்பு வேகமும் கூடும். குறிக்காமல் விட்டால் 24 பாகையில் கத்தியதையும் 28 பாகையில் கத்தியதையும் இரண்டு இனம் என்று எழுதிவிடலாம். பதிந்த அதே தவளையைத்தான் பிடிக்கவும் வேண்டும். பக்கத்துச் சருகில் இருந்ததைப் பிடித்தால் ஒன்றின் குரலும் இன்னொன்றின் உடலும் சேர்ந்த புது இனமொன்று கட்டுரையில் பிறந்துவிடும்.

உயிரோடு இருக்கும்போதே முதுகு, வயிறு, தொடையின் உட்புறம், விரலிடைச் சவ்வு எல்லாவற்றையும் படமெடுக்கவேண்டும். திரவத்தில் நிறம் நிற்காது. ஈரல் துண்டொன்றை 95 வீத எதனோலில் இட்ட பின்னரே உடல் 10 வீத போர்மலினுக்குள் போகும். வரிசை மாறினால் டி.என்.ஏ. பழுதாகிவிடும். விறைத்த உடலைக் கழுவி 70 வீத எதனோலுக்கு மாற்றியபின்தான் இடுக்கிமானி வேலை: கண், செவிப்பறை, தலை அகலம், கணைக்கால். இவற்றில் ஒன்றையாவது படத்தை மட்டும் வைத்துச் செய்யமுடியுமா?

ஆகவே கேட்பது இதுதான்: அனுமதியோ மறுப்போ, புரட்டாதி முடிவதற்குள் சொல்லுங்கள்.

இரண்டு தவளைக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் மீளப் பாருங்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் இருந்தால், கால் நீளமாக இருப்பது இனத்தின் இயல்பா, அந்தத் தவளையின் இயல்பா என்று யார் சொல்வது? மரபணுவும் தனியே காப்பாற்றாது. இனங்களை ஒப்பிடப் பார்க்கும் 16எஸ் என்ற மரபணுத் துண்டில் 3 வீத வேறுபாடு சந்தேகப்படப் போதும், பெயர் வைக்கப் போதாது.

இனி அந்தப் படிவம். 'பிடிக்க உத்தேசித்துள்ள இனத்தின் விஞ்ஞானப் பெயர்' என்ற பத்தியை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வருகிறது. பெயர் இருந்தால் நாங்கள் ஏன் விண்ணப்பிக்கிறோம்? மழைநீர்ப் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பும் டிப்பர்காரரிடம் உள்ளே வாற்பேத்தை என்ன இனம் என்று யாரும் கேட்பதில்லை. சருகைக் கூட்டிக் கொளுத்துபவருக்குப் படிவமே கிடையாது. பத்துத் தவளையைப் பதிவேட்டில் எழுதி எடுப்பவரிடம்தான் மூன்று பிரதி, அதிலும் ஒன்று சிங்களத்தில்.

'வறண்ட வடக்கில் புதிதாக என்ன இருக்கப்போகிறது' என்ற குறிப்பையும் கண்டோம். மிஹிந்தலையின் பெயரைத் தாங்கிய, மைக்ரோஹைலா என்ற பேரினத்துத் தவளை உலர்வலயத்தில் கத்திக்கொண்டுதான் இருந்தது. 2016 வரை அதை இந்தியாவின் மைக்ரோஹைலா ரூப்ரா என்றே எழுதிவந்தார்கள். 2018இல் பெயர்பெற்ற ஊப்பரோடன் ரோகனி என்ற இலங்கைத் தவளையும் அப்படித்தான், அதுவரை இந்தியத் தவளையின் பெயருக்குள் மறைந்திருந்தது. இரண்டையும் பிரித்தறிய மாதிரியும் மரபணுவும் குரலும் தேவைப்பட்டன. இவை எதுவும் மேசையிலிருந்து தெரியவந்ததல்ல.

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருளவும். பாதுகாப்புச் சட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயரில்லாத இனத்தை, அழியும் ஆபத்தை மதிப்பிடும் செந்நிறப் பட்டியலில் சேர்ப்பதும் கடினம் என்பதால்தான் கேட்கிறோம். மாதிரிகள் அனைத்தும் இலக்கமிட்டுத் தேசிய நூதனசாலைக்கே போகும், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வருட விண்ணப்பத்தை மீண்டும் இணைத்துள்ளோம். அந்தப் பத்தியில் 'மைக்ரோஹைலா, இனம் தீர்மானிக்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறோம். தயவுசெய்து அதற்காகத் திருப்பி அனுப்பாமல், புரட்டாதி முடிவதற்குள் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஈரூடகவாழி ஆய்வாளர்கள்,
யாழ்ப்பாணம்.